அன்று அந்தமான் யார் கையில் இருந்தது?

1943 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேர் ஜிம்கானா மைதானத்தில் சுபாஷ் சந்திர போஸ் மூவர்ணக் கொடியை ஏற்றினார். சரியாக ஒரு மாதம் கழித்து, 1944 ஜனவரி 30 அன்று, தெற்கு அந்தமானில் உள்ள ஹம்ஃப்ரிகஞ்ச் என்ற ஊருக்கு 44 இந்தியர்களைக் கொண்டுபோன ஜப்பானியப் படையினர், குழியோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். பிரிட்டனுக்கு உளவு சொன்னார்கள் என்பது குற்றச்சாட்டு. செத்தவர்களில் பலர் போஸின் இயக்கத்தோடு இணைந்திருந்த இந்திய சுதந்திர லீக்கின் உறுப்பினர்கள். கொடி ஏறியபோது அதன்கீழ் நின்று கைதட்டியிருக்க வேண்டியவர்கள்.

ஜனவரி 30 அன்று அந்த மண் யாருடையது? லண்டனைக் கேட்டால், எதிரி பிடித்து வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியப் பகுதி. டோக்கியோவைக் கேட்டால், நண்பருக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்த தீவு. போஸ் அமைத்த ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசைக் கேட்டால், விடுதலை பெற்ற முதல் இந்திய மண். மண்ணுக்கு மூன்று பேர் உரிமை கோரினார்கள். அதே மண்ணில் கொட்டிய ரத்தத்துக்குப் பொறுப்பேற்க ஒருவரும் முன்வரவில்லை. பின்னால் வந்த நான்காவது உரிமையாளரான சுதந்திர இந்தியா, கணக்கையே மூடிவிட்டது.

போரில் குடிமக்கள் செத்தால் பழி யாருக்கு என்று நாடுகள் நடத்தும் வழக்கு எங்கே தொடங்கி எங்கே அடங்கும் என்று பார்க்க, இந்திய எல்லைக்குள் அந்தமான் நிக்கோபாரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. மண்ணைக் கேட்பவர் பழியையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற எளிய நியாயம் அங்கே ஒருமுறைகூடச் செல்லுபடியாகவில்லை என்பது என் வாதம்.

நடந்தது என்ன

1942 மார்ச் 8 அன்று ரங்கூன் விழுந்தது. இனி போர்ட் பிளேரைக் காக்க முடியாது என்று முடிவுகட்டிய பிரிட்டன், இரண்டு நாளில் அங்கிருந்த கூர்க்காப் படைப்பிரிவைத் திருப்பி அழைத்துக்கொண்டது. மார்ச் 23 அன்று ஜப்பானியர் கரையிறங்கியபோது எதிர்க்க ஆளில்லை. தலைமை ஆணையர் வாட்டர்ஃபால் சிறைப்பட்டார். மேஜர் பேர்ட் என்ற அதிகாரியை உளவாளி என்று சொல்லித் தலையை வெட்டினார்கள். வீடு புகுந்த சிப்பாய்களை நோக்கிக் காற்றுத் துப்பாக்கியால் சுட்ட ஜுல்ஃபிகர் அலி என்ற இளைஞரை ஊரறியக் கொன்றார்கள்.

உளவு வழக்குகள் 1943 ஜனவரியில் தொடங்குகின்றன. அதே மாதத்தில் டச்சு நீர்மூழ்கி ஒன்றில் வந்து அந்தமான் கரையேறினார் மேஜர் டெனிஸ் மெக்கார்த்தி. முன்பு போர்ட் பிளேரிலேயே போலீஸ் அதிகாரியாக இருந்தவர். பிரிட்டிஷ் உளவுத்துறை அனுப்பிய சிறு குழுவின் தலைவர். காட்டுக்குள் தங்கி, துறைமுக நடமாட்டத்தைக் கண்காணித்துவிட்டுத் திரும்பினார்கள். அதன் பிறகும் இத்தகைய குழுக்கள் வந்து போயின. தங்கள் கப்பல்கள் கடலில் ஒவ்வொன்றாக மூழ்குவதைப் பார்த்த ஜப்பானியருக்கு, யாரோ தகவல் தருகிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. அந்த யாரோவைத் தேடிக் காட்டுக்குள் போகவில்லை, ஊருக்குள் தேடினார்கள். நாராயண் ராவ் உள்ளிட்ட ஏழு பேர் 1943 மார்ச் இறுதியில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அக்டோபரில் அடுத்த சுற்று. சுதந்திர லீக்கின் உள்ளூர்த் தலைவராக இருந்த பஞ்சாபிக் கவிஞரும் மருத்துவருமான திவான் சிங் கலேபானி கைதானார். போஸ் போர்ட் பிளேர் வந்தபோது அவர் செல்லுலார் சிறையில் சித்திரவதையில் இருந்தார். 1944 ஜனவரி 14 அன்று உயிர் போனது. பதினாறு நாளில் ஹம்ஃப்ரிகஞ்ச்.

இந்த வழக்குகளைப் படிக்கும்போது ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கும். உண்மையான உளவாளிகள் அனைவரும் நீர்மூழ்கியில் ஏறிப் பத்திரமாகப் போய்விட்டார்கள். அடி வாங்கி ஒப்புக்கொண்டவர்கள் ஆசிரியர்களும் எழுத்தர்களும் கடைக்காரர்களும். 1907ஆம் ஆண்டின் ஹேக் போர் விதிகளில் உளவாளி என்றால் யார் என்று 29ஆம் பிரிவு வரையறுக்கிறது. கையும் களவுமாகப் பிடிபட்ட உளவாளியைக்கூட விசாரணையின்றித் தண்டிக்கக் கூடாது என்கிறது 30ஆம் பிரிவு. ஜப்பான் அந்த விதிகளை ஏற்றுக் கையெழுத்திட்ட நாடு. ஆகவே 44 பேரும் உளவு பார்த்தார்கள் என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும் ஜப்பானின் வாதம் நிற்காது.

கடைசிக் கட்டம் பஞ்சம். கூட்டுப் படைகளின் நீர்மூழ்கிகள் அரிசிக் கப்பல்களை மூழ்கடித்தன. விமானங்கள் குண்டு போட்டன. 1944 ஜூனில் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான இல்லஸ்ட்ரியஸிலிருந்து போர்ட் பிளேர் மீது தாக்குதல் நடந்தது. தீவில் சோறு குறைந்தபோது, வேலைக்கு உதவாத வாய்களைக் குறைப்பது என்று ஜப்பானிய நிர்வாகம் முடிவு செய்தது. 1945 ஆகஸ்டில், சரணடைவதற்குச் சில நாட்களே இருக்கும்போது, நூற்றுக்கணக்கானவர்களைப் படகில் ஏற்றி ஆளில்லாத ஹேவ்லாக் தீவருகே கடலில் இறக்கிவிட்டார்கள். நீந்தத் தெரியாதவர்கள் அங்கேயே போனார்கள். கரை சேர்ந்தவர்களைப் பசி கொன்றது. கொண்டுபோன எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுகிறது. மிஞ்சியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் என்பதில் மட்டும் எல்லா நூல்களும் ஒன்றுபடுகின்றன.

மொத்தம் எத்தனை பேர் என்பதிலும் அதே குழப்பம். இரண்டாயிரம் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். போர்ட் பிளேரில் வாழ்ந்த நாற்பதாயிரம் பேரில் முப்பதாயிரம் பேர் கொல்லப்பட்டதாக ஒரு கணக்கும் சுற்றிவருகிறது. இந்த இரண்டாவது கணக்கை நம்புவதற்கில்லை. 1941 மக்கள்தொகைக் கணக்கின்படி அந்தமான் நிக்கோபார் முழுவதும் சேர்த்தே 33,768 பேர்தான், 1951இல் 30,971. இடையில் சிறைக்குடியிருப்பு கலைந்ததும், ஊர் திரும்பியவர்களும், புதிதாக வந்து குடியேறியவர்களும் அந்த வித்தியாசத்துக்குள் இருக்கிறார்கள். எண்ணை ஊதிப் பெருக்குவது இறந்தவர்களுக்குச் செய்யும் உதவி அன்று. ஊதிய எண்ணில் ஒரு ஓட்டை கண்டுபிடித்தால் போதும், மறுப்பவர் மொத்தத்தையும் பொய் என்று சொல்லிவிடுவார். உலகெங்கும் இந்த வழக்குகளில் பாதி இப்படித்தான் திசைமாறிப் போகின்றன.

செங்கோட்டையில் ஒரு தமிழர்

இந்தக் கதையில் தமிழர்கள் கவனிக்க வேண்டியவர் ஆற்காடு துரைசாமி லோகநாதன். இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், சிங்கப்பூர் வீழ்ச்சிக்குப்பின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் அந்தமானுக்குத் தலைமை ஆணையராக போஸ் அனுப்பியது இவரைத்தான். 1944 பிப்ரவரியில் போர்ட் பிளேர் வந்து சேர்ந்தார். ஹம்ஃப்ரிகஞ்ச் துப்பாக்கிகள் ஓய்ந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்காது.

ஜப்பான் பிரதமர் டோஜோ 1943 நவம்பரில் டோக்கியோவில் நடந்த கிழக்காசிய மாநாட்டில், இந்தத் தீவுகளைத் தற்காலிக அரசிடம் ஒப்படைக்கப்போவதாக அறிவித்திருந்தார். போஸ் அவற்றுக்கு ஷஹீத், ஸ்வராஜ் என்று பெயரிட்டார். லோகநாதன் கைக்கு வந்ததோ கல்வித் துறை. போலீஸ் வரவில்லை. போர் நடக்கும்போது பாதுகாப்பு தொடர்பான எதையும் தர முடியாது என்று ஜப்பானியக் கடற்படை சொல்லிவிட்டது. போலீஸ் இல்லாத ஆட்சியை ஏற்க அவர் மறுத்தார். சில மாதங்களில் உடல்நலமும் கெட்டுத் தீவைவிட்டுப் போனார்.

1945 நவம்பரில் செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவர்மீதும் ராணுவ நீதிமன்ற விசாரணை தொடங்கியது. தற்காலிக அரசு ஒரு முறையான அரசு, அதற்குப் படை உண்டு, நிலம் உண்டு, ஆகவே அதன் வீரர்கள் துரோகிகளல்லர், போரிடும் நாட்டின் சிப்பாய்கள் என்பது அவர்களுடைய வழக்கறிஞர் புலாபாய் தேசாயின் வாதம். அந்த நிலத்துக்குச் சாட்சி அந்தமான். லோகநாதன் குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்புச் சாட்சியாகக் கூண்டேறினார். ஜப்பான் வெளியுறவு அதிகாரிகளும் டோக்கியோவிலிருந்து வந்து சாட்சி சொன்னார்கள். உங்கள் கைக்கு உண்மையில் என்னதான் வந்தது என்று அரசுத் தரப்பு லோகநாதனைத் துருவியது.

அந்தக் கூடத்தில் நடந்த விநோதத்தைப் பாருங்கள். தீவு போஸ் அரசுக்குக் கைமாறியது என்று நிரூபித்தால் வழக்கில் பலம் கூடும். ஆனால் கைமாறிய பிறகு நடந்த கொலைகளுக்கு அந்த அரசும் பதில் சொல்ல வேண்டிவரும். கைமாறவில்லை என்று நிரூபித்தால் பிரிட்டிஷ் தரப்புக்கு வெற்றி. அப்போது பழி முழுக்க ஜப்பானுக்குப் போய்விடும், போஸ் அதிலிருந்து விடுபடுவார். ஒவ்வொரு தரப்பும் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் பேசியது. ஹம்ஃப்ரிகஞ்சின் 44 பேர் விசாரணைக்கே உரியவர்களாக இருக்கவில்லை. நாடு முழுவதும் இந்திய தேசிய ராணுவத்துக்காகக் கொதித்துக்கொண்டிருந்தபோது, ஜப்பானியர் இந்தியர்களைக் கொன்ற கதையை எடுப்பது பிரிட்டனுக்குப் பிரசாரம் செய்வதாகவே பட்டிருக்கும். அந்தமானின் மௌனம் தொடங்கிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

போஸுக்குத் தெரியுமா என்ற கேள்வி இன்றும் தீவில் சூடானது. மூன்று நாள் பயணத்தில் ஜப்பானிய அதிகாரிகள் சூழவே அவர் நடமாடினார். மக்கள் அவரை அணுகவே முடியவில்லை என்று தீவுவாசிகள் எழுதியிருக்கிறார்கள். தெரிந்தும் பேசவில்லை என்பவர்களும் உண்டு. சட்டப்படி பார்த்தால் இதற்கு ஹேக் விதிகளின் 42ஆம் பிரிவே பதில் சொல்லிவிடுகிறது. ஒரு நிலப்பரப்பு யாருடைய படையின் அதிகாரத்தின்கீழ் மெய்யாகவே வந்துவிட்டதோ, அவரே ஆக்கிரமிப்பாளர்; அங்கே உயிர்களுக்குப் பொறுப்பும் அவரே. போலீஸையும் துப்பாக்கியையும் கைவிடாத ஜப்பான், கொடியைக் கைமாற்றியதால் பழியைக் கைமாற்றிவிட முடியாது. சட்டம் அவ்வளவு தெளிவு. அரசியல் பழி வேறு. தன் கொடியை ஏற்ற ஒப்புக்கொண்ட தலைவர், அந்தக் கொடியின்கீழ் நடப்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கடமையிலிருந்து தப்ப முடியாது. போஸ்மீதுள்ள மரியாதைக்கு இதைச் சொல்வது குறைவு என்று நான் கருதவில்லை.

சிங்கப்பூர் தீர்ப்புகள்

1945 அக்டோபரில் அதே ஜிம்கானா மைதானத்தில் துணை அட்மிரல் ஹாரா தெய்சோ, பிரிகேடியர் சாலமன்ஸிடம் சரணடைந்தார். அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் போர்க்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார். 1946 முதல் 1948 வரை சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றங்கள் 131 வழக்குகளை விசாரித்தன. அந்தமான் நிக்கோபார் வழக்குகள் பல அவற்றில் உண்டு. முதலில் வந்தவற்றுள் ஒன்று கார் நிக்கோபார் வழக்கு.

அந்தச் சம்பவம் போரின் கடைசி வாரங்களில் நடந்தது. 1945 ஜூலையில் பிரிட்டிஷ் கப்பல்களும் விமானங்களும் கார் நிக்கோபாரைத் தாக்கின. இவ்வளவு குறிபார்த்து அடிக்கிறார்கள் என்றால் தீவுக்காரர்கள் விளக்குக் காட்டியிருக்க வேண்டும் என்று ஜப்பானியருக்குச் சந்தேகம். நிக்கோபாரிகளையும் அங்கே வேலைக்குக் கொண்டுவரப்பட்டிருந்த இந்தியர்களையும் பிடித்து அடித்து வாக்குமூலம் வாங்கினார்கள்; விசாரணை என்ற பெயரில் அவசரச் சடங்கு ஒன்றை நடத்திக் கொன்றார்கள். படைத்தளபதி மேஜர் ஜெனரல் இட்சுகி தோஷியோவுக்கும் இன்னும் சிலருக்கும் சிங்கப்பூர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. கொல்லப்படவிருந்து தப்பியவர் ஜான் ரிச்சர்ட்சன். நிக்கோபாரி மொழிக்கு பைபிளைக் கொண்டுவந்த பாதிரியார், பின்னாளில் ஆயர், 1952இல் முதல் மக்களவைக்கு இந்தத் தீவுகளின் நியமன உறுப்பினர்.

இந்தத் தீர்ப்புகளை வென்றவன் நீதி என்று ஒதுக்கிவிடக் கூடாது. குற்றம் நடந்ததற்குச் சாட்சிகள் இருந்தார்கள், குற்றவாளிகளுக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள், சிலர் விடுவிக்கவும்பட்டார்கள். ஆனால் கேட்கப்படாத கேள்விகள் சில உண்டு. ஆளும் நாடு தன் குடிகளைப் பாதுகாப்பின்றி விட்டுப் போனதற்கு யார் பொறுப்பு? ஒற்றர்களை இறக்கினால் பழிவாங்கப்படுவது ஊர்மக்களே என்று தெரிந்தும் இறக்கியது சரியா? அரிசிக் கப்பலை மூழ்கடித்தால் முதலில் பட்டினி கிடப்பது யார்? எதிரியின் குற்றத்தை விசாரிக்க அமைந்த நீதிமன்றத்தில் இவற்றை எழுப்ப வழியில்லை. கொன்றவனின் குற்றத்தை இவை எள்ளளவும் குறைக்காது. என்றாலும் பழியின் சங்கிலியில் லண்டனின் கண்ணியும் ஒன்று இருந்தது.

டோக்கியோவில் நடந்த பெரிய விசாரணையில் இந்திய நீதிபதி ராதாபினோத் பால் 1948இல் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு இங்கே குறுக்கிடுகிறது. கொடுமைகள் நடந்ததற்கு ஆதாரம் மலைபோல் இருக்கிறது என்பதை பால் மறுக்கவில்லை. டோக்கியோவில் நின்ற தலைவர்கள்தான் அதற்குப் பொறுப்பு என்பது நிரூபணமாகவில்லை என்றார். ஜப்பானில் ஒரு பகுதியினர் முதல் பாதியை மறந்து இரண்டாம் பாதியைக் கொண்டாடினார்கள். யாசுகுனி கோயிலில் 2005இல் பாலுக்கு நினைவுக்கல் வைத்தார்கள். 2007இல் இந்திய நாடாளுமன்றத்தில் பேசிய ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே பாலை நினைவுகூர்ந்தார்; கொல்கத்தா போய் அவர் மகனைச் சந்தித்தார். இரு கடல்களின் சங்கமம் என்பது அந்த உரையின் கரு. அந்த இரண்டு கடல்களையும் இணைக்கும் பாதையில் இருப்பது அந்தமான்.

ஆறாவது பிரிவு

1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் 48 நாடுகள் ஜப்பானோடு சமாதான ஒப்பந்தம் செய்தபோது இந்தியா போகவில்லை. ஜப்பான் மண்ணில் அமெரிக்கப் படைகள் தங்குவது, ரியூக்யூ தீவுகளின் நிலை போன்றவற்றில் நேருவுக்கு உடன்பாடில்லை. தோற்ற நாட்டைத் தலைகுனிய வைக்கும் ஒப்பந்தம் ஆசியாவுக்கு நல்லதல்ல என்பது டெல்லியின் எண்ணம். 1949இலேயே டோக்கியோ குழந்தைகளுக்கு இந்திரா என்ற யானையை அனுப்பியவர் நேரு. நல்ல மனம்தான், சந்தேகமில்லை.

1952 ஜூன் 9 அன்று டோக்கியோவில் தனி ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தியாவுக்காகக் கே.கே. செட்டூர், ஜப்பானுக்காக ஒகசாகி கட்சுவோ. அதன் ஆறாவது பிரிவில் இந்தியா இழப்பீட்டு உரிமை அனைத்தையும் கைவிட்டது. அதோடு நிற்கவில்லை. போர் நடவடிக்கைகளால் இந்தியக் குடிமக்களுக்கு ஏற்பட்ட கோரிக்கைகளையும் சேர்த்துக் கைவிட்டது. ஹம்ஃப்ரிகஞ்சின் விதவையும், ஹேவ்லாக்கில் தகப்பனை இழந்த பிள்ளையும், கார் நிக்கோபாரின் குடும்பங்களும் தங்களுக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது என்று அறியும் முன்பே அது தீர்ந்துபோனது. அவர்களை யாரும் கேட்கவில்லை.

ஒன்றை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1949இன் நான்காவது ஜெனீவா ஒப்பந்தத்தின் 148ஆம் பிரிவு, கடும் போர்மீறல்களுக்கான பொறுப்பிலிருந்து எந்த நாடும் தன்னையோ இன்னொரு நாட்டையோ விடுவிக்கக் கூடாது என்கிறது. 1950 நவம்பரிலேயே இந்தியா அந்த ஒப்பந்தத்தை ஏற்று உறுதிசெய்துவிட்டது. முன்பு நடந்தவற்றுக்கு அது பின்னோக்கிப் பாயாது என்று வழக்கறிஞர்கள் சொல்வார்கள், சரிதான். ஆனால் உலகம் எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்துகொண்டே டெல்லி எதிர்த்திசையில் கையெழுத்திட்டது.

மற்றவர்கள் என்ன வாங்கினார்கள்? பர்மா 1954இல் 20 கோடி டாலர், பிலிப்பைன்ஸ் 1956இல் 55 கோடி. மலேசியா 1967இல் இரத்தக் கடன் என்ற பேரில் இரண்டரைக் கோடி மலேசிய டாலர் மதிப்புக்கு ஒப்புக்கொண்டது. அது இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்தது. சயாம் மரண ரயில்பாதையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டு மாண்ட தமிழ்க் கூலிகள் பல்லாயிரம். அவர்கள் குடும்பங்களுக்கு அந்தக் கப்பல்களால் என்ன பயன்? ஆகவே இழப்பீடு வாங்கியிருந்தால் அந்தமான் குடும்பங்களுக்கு நியாயம் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். நாடு வாங்கினாலும் கைவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் வெளியேதான் நின்றார்.

இந்தக் கதவைத் தட்டித் திறக்க முடியும் என்று காட்டிய இடங்களும் உண்டு. ஜாவாவின் ராவகெடெ கிராமத்தில் 1947இல் டச்சுப் படை ஆண்களைச் சுட்டுக் கொன்றது. கிராமம் 431 பேர் என்றது, நெதர்லாந்து 150 என்றது. காலாவதியாகிவிட்டது என்ற அரசின் வாதத்தைத் தள்ளி, 2011இல் ஹேக் நகர நீதிமன்றம் டச்சு அரசைப் பொறுப்பாக்கியது. விதவைகளுக்குத் தலா 20,000 யூரோ கிடைத்தது. எண்ணிக்கைத் தகராறு தீராமலேயே நியாயம் கிடைக்கலாம் என்பதற்கு அது சாட்சி. தென்கொரிய உச்ச நீதிமன்றம் 2018இல், அரசுகள் 1965இல் செய்துகொண்ட உடன்பாடு தனிமனிதரின் கோரிக்கையை அழிக்காது என்றது. மறுவருடமே இரு நாடுகளின் வணிக உறவு முறுக்கிக்கொண்டது. மறுபக்கம், ஒரு நாட்டின் நீதிமன்றம் இன்னொரு நாட்டைப் போர்க்குற்றத்துக்காகக் கூண்டில் ஏற்ற முடியாது என்று 2012இல் ஜெர்மனி–இத்தாலி வழக்கில் சர்வதேச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ராவகெடெயில் வென்றது, கொன்ற நாட்டின் நீதிமன்றத்திலேயே வழக்குப் போட்டதால்.

கச்சாலிலிருந்து முள்ளிவாய்க்காலுக்கு

நிக்கோபார்த் தீவுகளில் ஒன்றான கச்சாலில் ரப்பர்த் தோட்டம் உண்டு. சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களை அங்கே குடியேற்றினார்கள். பழியும் கணக்கும் பற்றி யோசிக்கும் தமிழ் வாசகரின் மனம் அங்கிருந்து இலங்கைக்குப் போவதைத் தடுக்க முடியாது.

2009இல் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது கொழும்பு சொன்னது, குடிமக்கள் ஒருவரும் சாகாத மீட்பு நடவடிக்கை. 2011இல் ஐ.நா. நிபுணர் குழு, நாற்பதாயிரம் பேர்வரை இறந்திருக்கக் கூடும் என்றது. அரசுப் படை மருத்துவமனைகள்மீது எறிகணை வீசியதையும், விடுதலைப் புலிகள் மக்களைக் கேடயமாக்கித் தப்ப முயன்றவர்களைச் சுட்டதையும் சேர்த்தே எழுதியது. மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப், அரசு அலுவலகங்களின் மக்கள்தொகைக் கணக்குகளைக் கழித்துப் பார்த்து 1,46,679 பேருக்குக் கணக்கில்லை என்று அரசின் ஆணைக்குழுவிடமே கேட்டார். கொலை எண்ணிக்கை என்று அவர் சொல்லவில்லை, கணக்குச் சொல்லுங்கள் என்றார். பதில் வரவில்லை.

இந்தியாவின் வாக்குகளை வரிசையாகப் பார்க்கலாம். 2009 மே மாதம் இலங்கையைப் பாராட்டிய மனித உரிமை மன்றத் தீர்மானத்துக்கு ஆதரவு. 2012, 2013இல் இலங்கைக்கு எதிரான தீர்மானங்களுக்கு ஆதரவு. 2014இல் விலகல். 2021, 2022இலும் விலகல். சான்றுகள் கூடிக்கொண்டே போக, வாக்கு முன்னும் பின்னும் ஆடியது. தமிழ்நாட்டின் கொதிப்பு, கூட்டணிக் கணக்கு, சீனாவின் துறைமுகங்கள் ஆகியவை அந்த வாக்குகளைத் தீர்மானித்தன. இலங்கையில் மட்டுமல்ல, காஸாவில் 2023 அக்டோபரில் அல் அஹ்லி மருத்துவமனையில் வெடிப்பு நடந்தபோதும், தீ அணையும் முன்பே யார் செய்தது என்று இரு தரப்பும் அறிவித்தன. உலக நாடுகள் ஏற்கெனவே இருந்த நட்புப்படி ஏதோ ஒன்றை நம்பின. 1944இல் அந்தமானுக்கு நேர்ந்ததும் இதுவே, வேகம் மட்டும் குறைவு.

பெயர் மாற்றங்கள்

அன்றைய ஜப்பான் பேரரசர் அகிஹிதோ 2013 நவம்பர் இறுதியில் இந்தியா வந்தார். டெல்லிக்கும் சென்னைக்கும் போனார். அந்தமானுக்குப் போகவில்லை, போக வேண்டும் என்று யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. 2021இல் தெற்கு அந்தமானின் மின்வசதிக்காக ஜப்பான் 401.6 கோடி யென் மானியம் அறிவித்தது. மலாக்கா நீரிணையின் வாயிலில் இரு நாடுகளுக்கும் பொது அக்கறை இருப்பதால் வந்த பணம் அது. மின்சாரம் நல்லதே. ஆனால் அந்த உறவு இறுக இறுக, 1942 முதல் 1945 வரை நடந்ததை நினைவூட்டுவது இரு தலைநகரங்களுக்கும் சங்கடமாகிக்கொண்டே போகும்.

2018 டிசம்பர் 30 அன்று, கொடியேற்றத்தின் 75ஆம் ஆண்டில், பிரதமர் மோடி மூன்று தீவுகளுக்குப் பெயர் மாற்றினார். ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவானது, நீல் தீவு ஷஹீத் தீவானது, ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவானது. 2024இல் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஹேவ்லாக் 1857இல் கிளர்ச்சியை ஒடுக்கிய பிரிட்டிஷ் தளபதியின் பெயர். அது போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் 1945 ஆகஸ்டில் சோறில்லாத இந்தியர்களைக் கடலில் தள்ளிக் கொன்ற கரைக்கு ஸ்வராஜ் என்று பெயர் வைத்தபோது, அந்த ஆகஸ்டையும் சேர்த்து நினைத்தவர் அந்த மேடையில் யாரும் இருந்திருக்க மாட்டார். ராதாநகர் கடற்கரைக்கு இன்று ஆண்டு முழுவதும் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள்.

ஜப்பான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்றால், ஆம். 1995இல் ஜப்பான் பிரதமர் முராயாமா ஆசிய நாடுகளிடம் பொதுவாகக் கேட்டதில் அந்தமான் என்ற சொல் இல்லை. லண்டனும் தன் பங்குக்கு வாய் திறக்கலாம். ஆனால் இந்தக் கணக்கில் முதல் கடன் டெல்லியுடையது. தன் குடிமக்களின் கோரிக்கையை அவர்களைக் கேட்காமல் கைவிட்ட அரசு, அந்தக் கோரிக்கைக்குத் தானே பதில் சொல்லக் கடமைப்பட்டது. அது ஒன்றும் பெரிய பணச்செலவு பிடிக்கும் காரியமல்ல. லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் இருக்கும் சிங்கப்பூர் வழக்குப் பதிவுகளின் நகல்களைத் தேசிய ஆவணக் காப்பகம் வாங்கட்டும். 1942 முதல் 1945 வரை தீவுகளில் கொல்லப்பட்ட, பட்டினியால் இறந்த, காணாமல்போன ஒவ்வொருவரின் பெயர், ஊர், நாள், காரணம் அடங்கிய பட்டியலைத் தீவு வாரியாக அந்தமான் நிர்வாகம் வெளியிடட்டும். நிக்கோபாரிகளின் பெயர்கள் அவர்கள் பழங்குடிக் கவுன்சில்களின் வழியாக வரட்டும். ஊதிய எண்களுக்கும் மறுப்புகளுக்கும் அந்தப் பட்டியல் ஒன்றே விடை. நேரில் கண்டவர்கள் அநேகமாக மறைந்துவிட்டார்கள். அவர்களிடம் கேட்டறிந்த பிள்ளைகளும் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். இந்த வேலையை இன்னும் பத்தாண்டு தள்ளிப்போட்டால் செய்ய ஆளிருக்காது.